ஜெயிச்சவங்க லிஸ்டும் ரூம்ல இருக்கறவங்க லிஸ்டும்: டோனி கான் - பிக் ஸ்வோல் விவகாரம்

2021 டிசம்பர் 31. வருஷத்தோட கடைசி நாள், எல்லாரும் நியூ இயர் மூடுல இருக்கற நேரம். அமெரிக்காவோட ரெண்டாவது பெரிய ரெஸ்லிங் கம்பெனி ஏஇடபிள்யூ, அதோட ஓனர் டோனி கான் ட்விட்டர்ல ஒரு பதிவு போட்டாரு. கம்பெனிய விட்டுப் போன பிக் ஸ்வோல்ங்கற பெண் ரெஸ்லர், முடிவெடுக்கற இடத்துல கருப்பினத்தவர் யாரும் இல்லன்னு சொன்ன குறைக்கு பதில் அது. மொத்தமே நாலஞ்சு வரிதான். கம்பெனில டாப் 2 அதிகாரிங்க நானும் மேகாவும், ரெண்டு பேருமே பிரவுன், அதாவது தெற்காசிய நிறத்தவங்கன்னு முதல் வரி. அடுத்து இந்த மாசம் டிவில ஜெயிச்சவங்கன்னு ஒரு பேர் லிஸ்ட்: ஜேட், போவென்ஸ், காஸ்டர், டான்டே, நைலா, ஐசையா, மார்க் (மார்க் க்வென்). அடுத்து, பெண்களுக்கான டிபிஎஸ் டைட்டில் டோர்னமெண்ட்ல எல்லா தரப்பு ஆளும் இருக்காங்கன்னு ஒரு வரி. அதுக்கப்புறம்தான் அந்த வரி வந்துச்சு, ஸ்வோலோட ரெஸ்லிங் போதுமான அளவு நல்லா இல்லன்னு தோணுச்சு, அதான் அவங்க காண்ட்ராக்ட்ட முடிய விட்டுட்டேன்னு. கடைசியா இன்னைக்கு நைட் ராம்பேஜ்ல ஸ்ட்ரீட் ஃபைட் இருக்குன்னு ஷோவுக்கு விளம்பரம். எல்லாமே ஒரே பதிவுல.

நான் இத பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன், ஏன்னா இது வெறும் ரெஸ்லிங் கிசுகிசு இல்ல, வேலைய விட்டுப் போன ஒருத்தர் ஒரு குறை சொல்றப்ப முதலாளி எப்படி பதில் சொல்லக்கூடாதுங்கறதுக்கு இத விட தெளிவான ஒரு கேஸ் எனக்கு கிடைக்கல. அதனால ஆரம்பத்துல இருந்தே போவோம்.

பிக் ஸ்வோல், நிஜப் பேரு ஏரியல் ஹல். ஃப்ளோரிடாக்காரங்க, கருப்பினப் பெண். 2018ல டபிள்யூடபிள்யூஇ நடத்துன மே யங் கிளாசிக்ல ஏரியல் மன்றோங்கற பேர்ல ஆடினாங்க. அவங்க கணவர் செட்ரிக் அலெக்சாண்டரும் ரெஸ்லர்தான், இது நடந்த சமயத்துல அவர் டபிள்யூடபிள்யூஇல இருந்தாரு. ஸ்வோலுக்கு க்ரோன்ஸ்னு குடல் சம்பந்தமான ஒரு வியாதி இருக்கு, அத அவங்க மறைக்கல, வெளிப்படையா பேசிட்டே வந்தாங்க, அதோடயே ரிங்ல ஆடினாங்க.

ஏஇடபிள்யூக்கு 2019ல வந்தாங்க. அவங்களுக்கு அங்க கிடைச்ச பெரிய தருணம் 2020 செப்டம்பர் 5, ஆல் அவுட் ஷோ. பிரிட் பேக்கர் கூட மேட்ச். பேக்கர் நிஜ வாழ்க்கைலயே பல் டாக்டர், அதனால மேட்ச்ச ரிங்ல வைக்காம ஒரு பல் கிளினிக்லயே ஷூட் பண்ணாங்க. நோயாளி சாயற சேர், மேல தொங்கற லைட்டு, டிரில்லு, ஊசி, மயக்க காத்து, அங்க இருக்கற எல்லாமே ஆயுதம். சில பேருக்கு பிடிச்சுது, சில பேருக்கு சுத்தமா பிடிக்கல. ஆனா ஜெயிச்சது ஸ்வோல். அடுத்த மாசமே, அக்டோபர் 14 ஆண்டு விழா எபிசோட்ல, ஹிக்காரு ஷிடா கூட பெண்கள் சாம்பியன்ஷிப்புக்கு மேட்ச் கொடுத்தாங்க, அதுல தோத்தாங்க. இந்த ரெண்டையும் ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேணும். கம்பெனியோட பெரிய ஸ்டாரா ஆகப் போற பேக்கர்கிட்ட ஸ்வோல ஜெயிக்க வச்சதும், ஆண்டு விழால டைட்டில் மேட்ச் போட்டதும் புக்கிங் பண்றவரோட, அதாவது யார் ஜெயிக்கணும் யார் தோக்கணும்னு முன்னாடியே எழுதறவரோட முடிவு. புக்கிங் பண்றவர் டோனி கான்.

2021 நவம்பர் கடைசில காண்ட்ராக்ட் முடிஞ்சு வெளில வந்தாங்க. அப்ப சண்ட எதுவும் வெளில தெரியல, நல்லபடியா பிரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. டிசம்பர் கடைசி வாரத்துல அவங்களோட சொந்த பாட்காஸ்ட்ல ஏன் வெளில வந்தேன்னு பேசினாங்க. ரெண்டு விஷயம் சொன்னாங்க. ஒண்ணு, கம்பெனில ஒரு ஒழுங்கு, கட்டமைப்பு பத்தல. ரெண்டாவது, டைவர்சிட்டி. இத கவனமா பார்க்கணும், ஏன்னா அவங்க என்ன சொன்னாங்கங்கறதே பின்னாடி நடந்த சத்தத்துல காணாம போச்சு.

அவங்க சொன்னதோட சாரம் இதுதான்: இது ஆளுங்கள குடும்பம் மாதிரி நடத்தற கம்பெனி, ஆனா மேல இருக்கறவங்கள்ல, முடிவெடுக்கற ரூம்ல, என்ன மாதிரி ஒருத்தர் கூட இல்ல. முடிவ மாத்தறதுக்குன்னு கூட இல்ல, ஒரு வார்த்தைய, ஒரு ஸ்லாங்க ஏன் டிவில சொல்லக்கூடாதுன்னு எடுத்து சொல்றதுக்காவது ஆள் வேணும், எங்க கலாச்சாரத்த எங்கள தவிர வேற யாரும் விளக்க முடியாது. ஸ்க்ரீன்ல கருப்பின மக்கள காட்டறப்பவும் அது உண்மையா இருக்கற மாதிரி எங்க ஆளுங்களுக்கு தோணலன்னும் சொன்னாங்க. தன் பொண்ணே ஷோ பார்த்துட்டு இதுல கருப்பா இருக்கறவங்க நிறைய பேர் இல்லயேம்மான்னு கேட்டதையும் சொன்னாங்க.

குடும்பம் மாதிரிங்கற பாராட்டையும் சேர்த்து சொன்ன ஒரு குறை இது. திட்டல, யார் பேரையும் இழுத்து அசிங்கப்படுத்தல. அந்த மாதிரி ஒரு குறைக்குதான் அந்த பதில் வந்துச்சு.

இப்ப பதில வரி வரியா எடுத்து வச்சு பார்ப்போம்.

முதல்ல அந்த பிரவுன். டோனியோட அப்பா ஷாஹித் கான் லாகூர்ல பிறந்து அமெரிக்கா போய் கார் பாகங்கள் தொழில்ல கோடீஸ்வரர் ஆனவர், ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ்ங்கற அமெரிக்கன் ஃபுட்பால் டீமும் ஃபுல்ஹாம் ஃபுட்பால் கிளப்பும் அவரோடது. மேகா பரேக் கம்பெனியோட தலைமை சட்ட அதிகாரி. அமெரிக்க ரெஸ்லிங் மாதிரி ஒரு தொழில்ல உச்சில ரெண்டு தெற்காசியப் பேரு இருக்கறது சாதாரண விஷயம் இல்ல, நம்ம ஊர்ல இருந்து பார்க்கற என்ன மாதிரி ஆளுக்கு அந்த வரி முதல் தடவ படிக்கறப்ப உள்ளுக்குள்ள ஒரு சின்ன சந்தோஷம் வரத்தான் செஞ்சுது, அத ஒத்துக்கறேன். ஆனா ரெண்டாவது தடவ படிச்சா புரியும், ஸ்வோல் வெள்ளைக்காரர் அல்லாதவங்க யாராவது மேல இருக்காங்களான்னு கேட்கல. எங்க ஆளுங்க யாராவது ரூம்ல இருக்காங்களான்னு கேட்டாங்க. அமெரிக்கால கருப்பின மக்களோட வரலாறு வேற, நமக்கு அங்க கிடைக்கற பாகுபாடு வேற, ஒண்ணுக்கு ஒண்ணு ஈடு கட்ட முடியாது. நம்ம தோலும் கருப்புதானேன்னு அந்த இடத்துல போய் நின்னா அவங்க கேள்விக்கு பதில் வராது.

இதுல எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருக்கற விஷயம், சொல்றதுக்கு அவருகிட்ட நல்ல பதில் இருந்துச்சு. பிராண்டி ரோட்ஸ், கருப்பினப் பெண், கம்பெனி ஆரம்பிச்ச 2019ல இருந்து தலைமை பிராண்ட் அதிகாரி. இந்த பதிவு போட்ட அன்னைக்கும் அவங்க அந்த பதவிலதான் இருந்தாங்க. மார்க் ஹென்றி, எத்தனையோ வருஷம் டபிள்யூடபிள்யூஇல ஆடி ஹால் ஆஃப் ஃபேம் போனவரு, 2021 மே மாசம்தான் ஏஇடபிள்யூக்கு வந்தாரு, கமெண்டரியும் பண்ணாரு கோச்சிங்கும் பண்ணாரு. ஸ்வோல் சொன்னது முழுசா சரியில்லன்னு வாதாடணும்னா எடுத்து வைக்க வேண்டியது இந்த ரெண்டு பேரும்தான். இவங்கள்லாம் எந்த மீட்டிங்ல உட்கார்றாங்க, எதுல இவங்க பேச்சு எடுபடுதுன்னு சொல்லியிருந்தா அது நேர் பதில். ரெண்டு பேரு பேருமே அந்த பதிவுல இல்ல. தலைமை பிராண்ட் அதிகாரிய டாப் 2ல சேர்க்காம வேற ரெண்டு பேர சொன்னது, ஸ்வோல் சொன்ன குறைக்கு இன்னும் வலு சேர்த்த மாதிரிதான் எனக்கு படுது.

அடுத்தது ஜெயிச்சவங்க லிஸ்ட். இங்கதான் இந்த கேஸோட மையமே இருக்கு.

கிரிக்கெட்லயோ பாக்சிங்லயோ ஒரு ஓனர் எங்க டீம்ல இந்த ஏழு பேரு இந்த மாசம் ஜெயிச்சாங்கன்னு சொன்னா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு, ஏன்னா அந்த ஜெயிப்ப யாரும் கொடுக்க முடியாது, அவங்களே எடுத்ததுதான். ரெஸ்லிங்ல அப்படி இல்ல. யார் ஜெயிக்கணும், யார் தோக்கணும், எத்தன நிமிஷம், மைக் யார் கைல, பெல்ட் யார் தோள்ல, எல்லாம் முன்னாடியே முடிவாகி பேப்பர்ல இருக்கும். ஏஇடபிள்யூல அந்த பேப்பர் டோனி கையிலதான். ரெஸ்லிங் அப்சர்வர் பத்திரிக வாசகர் ஓட்டுல 2020லயும் 2021லயும் சிறந்த புக்கர்னு அவருக்குதான் விருது, அந்த அளவுக்கு அது அவரோட ஷோ. அப்ப ஜேட் ஜெயிச்சாங்க, டான்டே ஜெயிச்சாருன்னு அவர் சொல்றது, நான் ஜெயிக்க வச்சேன்னு சொல்றதுதான். முடிவெடுக்கற இடத்துல எங்க ஆள் இல்லன்னு ஒருத்தர் சொல்றாங்க, அதுக்கு பதிலா முடிவெடுக்கறவரே நான் உங்க ஆளுங்களுக்கு இவ்ளோ கொடுத்திருக்கேன் பாருங்கன்னு எண்ணி காட்டறாரு. அந்த லிஸ்ட் எவ்ளோ நீளமா இருந்தாலும் கேள்விய தொடவே தொடாது.

அந்த லிஸ்ட்ல மேக்ஸ் காஸ்டர் பேரு இருக்கறதையும் பாருங்க. காஸ்டரோட அப்பா ரிச் காஸ்டர், நியூயார்க் ஜெட்ஸ்ல ஆடுன கருப்பின அமெரிக்கன் ஃபுட்பால் வீரர். ரிங்குக்கு வர்றப்ப ராப் பாடறது காஸ்டரோட ஸ்டைல். அதே 2021 ஆகஸ்ட்ல யூட்யூப் ஷோ டார்க்ல அவர் பாடுன ஒரு ராப்ல ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸோட மனநலத்த கிண்டல் பண்ணி ஒரு வரி, டியூக் பல்கலைக்கழக லக்ராஸ் டீம் மேல வந்த பாலியல் புகார் கேஸ தொட்டு இன்னொரு வரி. பதிவு பண்ணி எடிட் பண்ணி போடற ஷோ அது, லைவ் கூட இல்ல, இருந்தும் யாரும் வெட்டல, அப்படியே வெளில போயிடுச்சு. எதிர்ப்பு கிளம்புனதும் எபிசோட எடுத்தாங்க, காஸ்டர கொஞ்ச நாள் ஒதுக்கி வச்சாங்க. அதுக்கப்புறம் டோனி சொன்ன தீர்வு என்ன தெரியுமா, இனிமே அந்த ஷோ எடிட்டிங்க நானே பார்த்துக்கறேன்னு. இத அவர் நல்ல எண்ணத்துலதான் சொன்னாருன்னு நான் நம்பறேன், பொறுப்ப தன் தலைல போட்டுக்கிட்டாரு. ஆனா ஒரு வார்த்தைய ஏன் சொல்லக்கூடாதுன்னு எடுத்து சொல்ல ஆள் இல்லன்னு ஸ்வோல் நாலு மாசம் கழிச்சு சொன்னாங்களே, அது காத்துல இருந்து வந்த குறை இல்ல. ஓட்டை தெரிஞ்சப்ப ரூமுக்குள்ள இன்னொரு ஆள கூப்பிடாம, ஏற்கனவே இருக்கற ஒரே ஆளுக்கு இன்னொரு வேல சேர்ந்துச்சு.

இப்ப ஸ்வோல பத்தின அந்த வரி. ரெஸ்லிங் நல்லா இல்ல.

அது உண்மையாவே இருக்கலாம். ஸ்வோல் டெக்னிக்கலா பெரிய ரெஸ்லர்னு அவங்க ரசிகர்கள் கூட வாதாட மாட்டாங்க, அவங்க பலம் மைக்கும் கலகலப்பும். ஒரு முதலாளிக்கு ஒருத்தர் வேல பிடிக்கலன்னா காண்ட்ராக்ட்ட நீட்டிக்காம விடறதுக்கு முழு உரிம இருக்கு, அதுல எனக்கு சண்டயே இல்ல. ஆனா முடிஞ்சு போய் ஒரு மாசம் அவர் சும்மாதான் இருந்தாரு. அவங்க குறை சொன்ன உடனே அந்த காரணம் ஊருக்கே தெரியற மாதிரி வெளில வந்துச்சு. அது உண்மையா பொய்யாங்கறத விட, எப்ப சொன்னாரு எதோட சேர்த்து சொன்னாருங்கறதுதான் இங்க விஷயம். கருப்பின ஆளுங்க ரூம்ல இல்லங்கறது ஒரு கேள்வி, இந்த ரெஸ்லர் திறமையானவரா இல்லயாங்கறது வேற கேள்வி. ஸ்வோல் உலகத்துலயே மோசமான ரெஸ்லரா இருந்தாலும் முதல் கேள்வி அப்படியேதான் நிக்கும். ரெண்டையும் ஒரே பதிவுல ஒட்டி வச்சதும், கேட்டவளுக்கு தகுதி இல்ல அதனால கேள்வியும் செல்லாதுங்கற மாதிரி ஆயிடுச்சு.

இன்னொண்ணு, க்ரோன்ஸோட போராடிட்டு ஆடுன ஒரு பொண்ண பத்தி, அவங்களுக்கு பெரிய மேட்ச் ஜெயிக்க வச்சு டைட்டில் ஷாட்டும் கொடுத்த அதே ஆளு, நாடே பார்க்கற இடத்துல திறமை பத்தலன்னு எழுதறதுக்கு என்ன அவசரம்? அடுத்து எந்த கம்பெனிகிட்ட வேல கேட்டு போனாலும் அந்த வரி அவங்களுக்கு முன்னாடியே அங்க போய் உட்கார்ந்திருக்கும். அமெரிக்கால பல கம்பெனிங்க முன்னாள் ஊழியர் பத்தி யார் கேட்டாலும் எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும் வேல பார்த்தாங்க, என்ன பதவின்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கும். அந்த பழக்கம் சும்மா வரல.

சட்டமும் ஒரு காரணம், ஆனா இங்க அது கொஞ்சம் சிக்கலானது. 1964 சிவில் ரைட்ஸ் சட்டம் பாகுபாடு பத்தி புகார் சொன்ன ஊழியர பழிவாங்கக்கூடாதுன்னு சொல்லுது, முன்னாள் ஊழியருக்கும் அது பொருந்தும்னு 1997ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. ஆனா அமெரிக்க ரெஸ்லருங்கள கம்பெனிங்க ஊழியரா வச்சுக்கறதில்ல, தனி காண்ட்ராக்டர்னு வைப்பாங்க, யூனியனும் கிடையாது. காண்ட்ராக்ட்ல நிறப் பாகுபாடு கூடாதுங்கற 1866ம் வருஷத்து பழைய சட்டம் ஒண்ணு இருக்கு, பழிவாங்கறதும் அதுல அடங்கும்னு 2008ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. நல்லா இல்லன்னு தோணுச்சுங்கறது கருத்துங்கறதால அவதூறு கேஸும் நிக்கறது கஷ்டம். ஸ்வோல் விவகாரம் கோர்ட் பக்கம் போன கதை இல்ல, நான் சொல்ல வர்றது வேற. யூனியனும் இல்லாம ஊழியர்ங்கற பாதுகாப்பும் இல்லாம இருக்கற ஒரு ரெஸ்லருக்கு வாய்தான் மிச்சம். அந்த வாயத் தொறந்தா என்ன நடக்கும்னு அன்னைக்கு எல்லாரும் பார்த்தாங்க.

எல்லாரும்னா வெளில போனவங்க இல்ல, உள்ள இருக்கறவங்க. நான் முன்னாடி வேல பார்த்த ஒரு ஆபீஸ்ல ஒரு அக்கா பிரமோஷன்ல பாரபட்சம் இருக்குன்னு எழுதி கொடுத்துட்டு வேலைய விட்டு போனாங்க. அடுத்த திங்கக்கிழம மீட்டிங்ல மேனேஜர் எழுந்து அவங்க வேலையே சரியில்லங்க, அதான் விஷயம்னு ஒரே வரில முடிச்சாரு. பதினஞ்சு பேரு உட்கார்ந்திருந்தோம், ஒருத்தர் கூட தலைய தூக்கல, எல்லாரும் லேப்டாப்பயே பார்த்துட்டு இருந்தோம், நானும்தான். அதுக்கப்புறம் அந்த டீம்ல இருந்து வெளில போன ஒவ்வொருத்தரும் காரணம்னு எழுதுனது சொந்த காரணம்னு மட்டும்தான். அந்த மேனேஜர் நினைச்சது ஒருத்தருக்கு பதில் சொல்றதா, கேட்டது பதினஞ்சு பேரு.

ஏஇடபிள்யூல ஒருத்தர் தலைய தூக்குனாரு. லியோ ரஷ், கருப்பின ரெஸ்லர், கம்பெனிக்கு வந்து சில மாசம்தான் ஆயிருந்துச்சு. முதலாளி பதிவு எனக்கு சரியா படல, மன்னிப்பு கேட்கணும்னு ட்விட்டர்லயே எழுதினாரு. சம்பளம் கொடுக்கறவர்கிட்ட பொதுவெளில இப்படி சொல்றதுக்கு எவ்ளோ தைரியம் வேணும்னு யோசிச்சு பாருங்க. அப்புறம் டோனிகிட்ட ஃபோன்ல பேசினதாவும் அவரே சொன்னாரு. பிப்ரவரில லியோ ரஷ்ஷோட காண்ட்ராக்ட் முடிஞ்சு போனாரு, அதுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த ஃபோன் பேச்ச நினைச்சா எனக்கு ஒண்ணு தோணுது, அதே ஃபோன ஒரு நாள் முன்னாடி எடுத்து ஸ்வோலுக்கு போட்டிருந்தா இந்த கேஸே இல்ல.

அந்த வாரத்தோட சூழ்நிலையும் சேர்த்து பார்க்கணும். போட்டி கம்பெனி டபிள்யூடபிள்யூஇல அன்னைக்கு சாம்பியன் பிக் ஈ, கருப்பினத்தவர். அதே 2021ல மார்ச்ல இன்னொரு கருப்பின ரெஸ்லர் பாபி லாஷ்லி பெல்ட் ஜெயிச்சிருந்தாரு, ஏப்ரல்ல அவங்களோட பெரிய ஷோ ரெசில்மேனியா முதல் நாள் மெயின் ஈவண்ட்ல பியான்கா பெலேரும் சாஷா பேங்க்ஸும், ரெண்டு கருப்பினப் பெண்கள், மோதுனாங்க. டபிள்யூடபிள்யூஇயோட பழைய வரலாறு இந்த விஷயத்துல ஒண்ணும் சுத்தம் கிடையாது, கருப்பினத்தவரான கோஃபி கிங்ஸ்டன 2019ல 180 நாள் சாம்பியனா வச்சுட்டு கடைசில சில வினாடில தோக்க வச்சத யாரும் மறக்கல. ஆனா ஏஇடபிள்யூ ஆரம்பிச்சதே நாங்க வேற மாதிரின்னு சொல்லித்தான், அதுல அன்னைக்கு வரைக்கும் உலக சாம்பியனா இருந்தவங்க நாலு பேரு, ஜெரிக்கோ, மாக்ஸ்லி, ஒமேகா, ஹேங்மேன் பேஜ், நாலு பேரும் வெள்ளைக்காரங்க. இத ஸ்வோலோட சின்னப் பொண்ணு கவனிச்சதுல என்ன ஆச்சரியம்?

அதுக்கப்புறம் நிறைய மாறுச்சு, அதையும் சொல்லணும். பதிவு போட்டு அஞ்சே நாள்ல, 2022 ஜனவரி 5ம் தேதி, ஜேட் கார்கில் முதல் டிபிஎஸ் சாம்பியன் ஆனாங்க, 60 மேட்ச் தோக்காம போனாங்க. அது ஸ்வோல் பேசறதுக்கு ரொம்ப முன்னாடியே ஓடிட்டு இருந்த திட்டம், அந்த பெருமைய டோனிக்கு கொடுத்துதான் ஆகணும். பிப்ரவரில கீத் லீ, மார்ச்ல ஸ்வெர்வ் ஸ்ட்ரிக்லேண்ட்னு ரெண்டு கருப்பின ரெஸ்லருங்க வந்தாங்க, ஜூலைல ரெண்டு பேரும் சேர்ந்து டேக் டீம் பெல்ட் ஜெயிச்சாங்க. அதே பிப்ரவரில பிராண்டி ரோட்ஸும் அவங்க கணவர், ரெஸ்லர் கோடி ரோட்ஸும் கம்பெனிய விட்டு போனாங்க. ஸ்க்ரீன்ல கூடிட்டு வந்த அதே நேரத்துல அதிகாரி வரிசைல இருந்த ஒரு கருப்பினப் பெண் போயிட்டாங்க.

2024 ஏப்ரல் 21, செயின்ட் லூயிஸ், டைனஸ்டி ஷோ. ஸ்வெர்வ் ஸ்ட்ரிக்லேண்ட் சமோவா ஜோவ ஜெயிச்சு ஏஇடபிள்யூவோட முதல் கருப்பின உலக சாம்பியன் ஆனாரு. நான் அன்னைக்கு நிஜமாவே கண் கலங்கி பார்த்தேன், அந்த மனுஷன் அதுக்கு உழைச்ச உழைப்பு அப்படி. முதல் சாம்பியன் வந்த 2019 ஆகஸ்ட்ல இருந்து எண்ணுனா நாலரை வருஷத்துக்கு மேல, ஸ்வோல் பேசுன நாள்ல இருந்து எண்ணுனா ரெண்டு வருஷம் நாலு மாசம். அந்த முடிவ எழுதுன பேப்பரும் டோனி கையிலதான் இருந்துச்சு.